அக்காவுக்குக் கடன் இருந்தால் தம்பிக்குக் கிடையாதா?

கேள்வி: மகள் பொறியியல் மூன்றாம் ஆண்டு போகிறாள். அவள் படிப்புக்கு 4 லட்சம் ரூபாய் கல்விக் கடன் வாங்கியிருக்கிறோம். மகனுக்கு இந்த ஆண்டு கவுன்சலிங்கில் பொறியியல் இடம் கிடைத்திருக்கிறது. வங்கியில் கேட்டால், “ஒரு வீட்டுக்கு ஒரு கடன்தான்” என்கிறார்கள். முதல் பட்டதாரிச் சலுகையும் இவனுக்கு இல்லையாம். இரண்டு பேர் ஒரே நேரத்தில் படித்தால் சலுகை கூடத்தானே வேண்டும்?
— ஒரு வாசகி, சங்கரன்கோவில்

பதில்: நியாயமான கேள்விதான் அம்மா. உங்களுக்குச் சொல்லப்பட்ட இரண்டில் ஒன்று சரி, மற்றது தவறு.

சரியானதை முதலில் சொல்லிவிடுகிறேன். முதல் பட்டதாரிச் சலுகை வீட்டுக்கு ஒருவருக்குத்தான். 2010-11 முதல் நடப்பில் இருக்கும் இந்தத் திட்டத்தில், தாத்தா பாட்டி வரை யாரும் பட்டம் பெறாத குடும்பத்தில் ஒரு பிள்ளைக்குக் கல்விக் கட்டணத்தில் சலுகை கிடைக்கும். உங்கள் வீட்டில் மகள் அதை வாங்கியிருந்தால் மகனுக்குக் கிடையாது. அதை யாராலும் மாற்ற முடியாது.

“வீட்டுக்கு ஒன்று” என்ற இந்தப் பேச்சுதான் எப்படியோ வங்கிக் கடனுக்கும் தாவிவிட்டது. கல்விக் கடன் என்ன ரேஷன் கார்டா, குடும்பத்துக்கு ஒன்று என்று எண்ணுவதற்கு? கடனாளி மாணவர்தான். வங்கிகள் பின்பற்றும் இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டமே, அண்ணன், அக்கா வாங்கிய கடன் அடுத்த பிள்ளையின் தகுதியைப் பாதிக்காது என்கிறது. அந்தத் திட்டத்தில் 4 லட்சம் வரை முன்பணமும் இல்லை, அடமானமும் இல்லை. ஏழரை லட்சம் வரைகூட அடமானம் கேட்காமல் கொடுக்க வழி இருக்கிறது.

பிறகு ஏன் மேனேஜர் தயங்குகிறார்? காரணம் மகள் இல்லை, நீங்கள்! இரண்டு கடனிலும் பெற்றோர்தான் இணைக் கடனாளி, அதாவது பிள்ளையோடு சேர்ந்து கையெழுத்துப் போட்டுப் பொறுப்பேற்பவர். ஆகவே இரண்டு கடனும் உங்கள் பெயரில் சிபில் அறிக்கையில் (உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் பதிவு) ஏறும். அதில் நகைக் கடனோ, டூவீலர் தவணையோ பாக்கி நின்றால் மகனின் விண்ணப்பம் அங்கேயே தட்டும். விண்ணப்பிக்கும் முன் அந்த அறிக்கையை ஒருமுறை எடுத்துப் பார்த்துவிடுங்கள்.

அதைவிடக் காலண்டரைப் பாருங்கள். மகள் படிப்பு முடிய இன்னும் இரண்டு வருடம். அதன்பின் ஒரு வருடம் மாரடோரியம், அதாவது தவணை கட்ட வேண்டாத காலம். ஆக, அவள் கடனுக்குத் தவணை தொடங்கும்போது மகன் நாலாம் ஆண்டில் கால் வைத்திருப்பான். 4 லட்சம் அசலுக்கு 10 சதவீத வட்டி, 10 ஆண்டு என்றால் மாதம் சுமார் 5,300 ரூபாய். கடன் பணம் மொத்தமாக வராது, ஆண்டுதோறும் கல்லூரிக்குத்தான் போகும். மகள் தவணை தவறினால் மகனின் கடைசி வருடப் பணத்துக்குச் சிக்கல் வரலாம். நான் கவலைப்படுவது அந்த ஒரு வருடத்தைப் பற்றித்தான். மகளுக்கு வேலை தாமதமானாலும் சமாளிக்க, ஆறு மாதத் தவணையை இப்போதே தனியாகச் சேர்க்கத் தொடங்குங்கள்.

குடும்ப வருமானம் ஆண்டுக்கு நாலரை லட்சத்துக்குள் இருந்தால், படிக்கும் காலத்து வட்டியை மத்திய அரசே ஏற்கும் மானியம் இருக்கிறது. வருமானச் சான்றிதழை வங்கியில் கொடுத்துக் கேளுங்கள். கேட்காமல் விட்டவர்கள்தான் அதிகம். இதுவும் மாணவர் கணக்குதான், அக்கா வாங்கினாலும் தம்பி வாங்கலாம். இருவரும் ஆறு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்கள் என்றால் மகளுக்குப் புதுமைப் பெண், மகனுக்குத் தமிழ்ப் புதல்வன் என்று ஆளுக்கு மாதம் 1,000 ரூபாயும் உண்டு.

மறுபடி கிளைக்குப் போகும்போது வாய்ப்பேச்சு வேண்டாம். விண்ணப்பத்தை வித்யாலட்சுமி இணையதளத்தில் பதிந்துவிட்டு, அந்த எண்ணோடு போங்கள். நிராகரிப்பதானால் மேலதிகாரியின் ஒப்புதலோடுதான் நிராகரிக்க வேண்டும் என்பது அதே மாதிரித் திட்டத்தின் விதி. “காரணத்தை எழுதிக் கொடுங்கள் சார்” என்று பணிவாகக் கேளுங்கள். பெரும்பாலும் பேச்சு அங்கேயே மாறிவிடும்.