வெறுங்காலோடு கதிர்காமக் காட்டுக்குள் அம்மா போகலாமா?

கேள்வி:

மதிப்புக்குரிய டொக்டர் ஐயா,

எனது அம்மாவுக்கு 62 வயது. 11 வருடமாகச் சலரோகம். பிறசருக்கும் குளிசை எடுக்கிறா. செல்வச்சந்நிதியிலிருந்து வரும் பாதயாத்திரைக் கூட்டத்தோடு வற்றாப்பளையில் சேர்ந்து கதிர்காமம் வரை நடப்பதாக நேர்த்தி வைத்திருக்கிறா. உகந்தைக்கு அப்பால் காட்டுக்குள் செருப்புப் போடமாட்டேன், குளிசையும் எடுக்கமாட்டேன், முருகன் பார்த்துக்கொள்வான் என்கிறா. அவுஸ்திரேலியாவில் இருக்கும் தம்பி அங்கே பாலைவனத்தில் வழிகாட்டியோடு பல நாள் நடந்து வந்தவன். "எங்களுக்கே அவ்வளவு கட்டுப்பாடு. அம்மாவை விடவே வேண்டாம்" என்று தொலைபேசியில் சத்தம் போடுகிறான். மறித்தால் அம்மா சாப்பிடாமல் இருக்கிறா. விட்டால் எனக்கு நித்திரை வராது. நான் என்ன செய்வது?

சி. ப., பூவரசங்குளம்

பதில்:

அன்பான பிள்ளைக்கு,

முதலில் மனதை ஆறவிடுங்கள். சலரோகம் என்ற ஒன்றுக்காக மட்டும் இந்த யாத்திரையை யாருக்கும் மறிக்கவேண்டியதில்லை. இரத்தச் சீனி கட்டுக்குள் இருந்து, பாதம், சிறுநீரகம், இதயம் ஆகிய மூன்றும் நல்ல நிலையில் இருந்தால் 62 வயதிலும் நடக்கலாம். அம்மா நடப்பது எனக்குப் பயமில்லை. செருப்பையும் குளிசையையும் உகந்தையில் விட்டுவிட்டு நடப்பதுதான் பயம். உங்கள் பயமும் அதுவே என்று கடிதம் சொல்கிறது. அது நியாயமான பயம்.

தம்பி சொல்வதிலும் ஒரு பாதி உண்மை இருக்கிறது. அவுஸ்திரேலியாவின் நடுவே அலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரிலிருந்து மேற்கே சுமார் 220 கிலோமீற்றர் நீளும் லறப்பின்ரா நடைபாதை பேர்போனது. அங்கே போகிறவர்கள் பெரும்பாலும் மே முதல் ஓகஸ்ட் வரையான குளிர்காலத்தையே தெரிவுசெய்வார்கள். சாப்பாட்டுப் பெட்டிகளை வழியில் முன்கூட்டியே வைப்பார்கள். அடுத்த தண்ணீர்த் தொட்டி எவ்வளவு தூரம் என்று கணக்கிட்டே புறப்படுவார்கள். நமக்கு மாதத்தைத் தெரிவுசெய்யும் வசதி இல்லை. கதிர்காமத்து ஆடி விழாவுக்கு ஏற்ப நடக்கவேண்டும். அதுவோ கிழக்கில் மழை ஓய்ந்து, குளங்கள் வற்றி, கச்சான் காற்று அனலாக வீசும் காலம். மாதத்தை மாற்ற முடியாத நாம், நடக்கும் நேரத்தையாவது கவனமாகத் தெரிவுசெய்யவேண்டும்.

அதே அவுஸ்திரேலியாவின் பழைய கதை ஒன்றை அம்மாவுக்குச் சொல்லுங்கள். 1860இல் மெல்பேர்ணிலிருந்து பேர்க் என்பவரின் தலைமையில், வில்ஸ் என்பவரும் சேர்ந்த பெரிய கூட்டம் ஒன்று வடகரையைத் தேடிப் போனது. 1861இல், திரும்பும் வழியில், கூப்பர் ஓடைக் கரையில் இருவரும் மெலிந்து இறந்தார்கள். ஓடையில் தண்ணீர் இருந்தது. அந்த மண்ணின் யந்துருவந்தா மக்கள் நார்டு என்னும் நீர்ச்செடியின் வித்துப் போன்ற பகுதியை வறுத்து, அரைத்து, பக்குவமாக உண்டு வாழ்ந்தார்கள். வந்தவர்களும் அதையே உண்டார்கள், ஆனால் பக்குவம் அறியவில்லை. முறையாகப் பதப்படுத்தாத நார்டு பி1 உயிர்ச்சத்தை (நரம்புக்கும் இதயத்துக்கும் வேண்டிய சத்து) அழித்துவிடும் என்று பின்னாளில் ஆய்வாளர்கள் விளக்கினார்கள். வடகரைப் பக்கம் போனவர்களில், அந்த மக்களோடு போய்ச் சேர்ந்து, அவர்கள் கொடுத்ததை உண்டு வாழ்ந்த கிங் என்ற ஒருவர் மட்டும் உயிரோடு திரும்பினார். இடம் அறிந்தவர் சொல் கேட்டவர் பிழைத்தார்.

நமது யாத்திரையிலும் இடம் அறிந்தவர்கள் இருக்கிறார்கள். முருகனின் வேலைத் தாங்கி முன்னே நடக்கும் தலைவரும், பல வருடம் நடந்து பழகிய சாமிமாரும் எந்த ஊரில் தங்குவது, எங்கே தண்ணீர் நல்லது, எந்த நேரம் யானை பாதையைக் கடக்கும் என்பதை அறிந்தவர்கள். போர்க்காலத்தில் வடக்கின் பாதை நெடுநாள் அடைபட்டிருந்தும் இந்த அறிவு அழியவில்லை. வற்றாப்பளையில் சேர்ந்தால் திருகோணமலை, வெருகல், மட்டக்களப்பு, மண்டூர், திருக்கோவில், பொத்துவில் என்று ஊர்வழியே போவீர்கள். வழியில் மோரும் கஞ்சியும் கிடைக்கும், ஆஸ்பத்திரிகளும் உண்டு. உகந்தை மலை முருகனைக் கும்பிட்டபின் குமுக்கன் ஆறு, நாவலடி, வியாழை, கட்டகாமம் என்று நான்கைந்து நாள் காடு. அந்தப் பாதை ஒவ்வொரு ஆண்டும் குறித்த நாள்களுக்கு மட்டுமே திறக்கப்படும். தண்ணீர் பவுசர்களும் முதலுதவி நிலையங்களும் இருந்தாலும், ஒரு நிலையத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவே நீங்களும் உங்கள் கால்களும்தான்.

ஆபத்து எங்கிருந்து வருகிறது என்று சொல்கிறேன். காரணம் தெரிந்தால் பயத்துக்கும் ஓர் அளவு வரும்.

முதலாவது பாதம். பல வருடச் சலரோகத்தில் பாத நரம்புகள் உணர்வை மெல்ல இழக்கும் (நரம்புப் பாதிப்பு: குத்துவதும் சுடுவதும் தெரியாமற்போதல்). பல வருடங்களுக்கு முன் உகந்தையில் முதலுதவிக் கொட்டிலில் இருந்தபோது ஒரு முதியவரைப் பார்த்தேன். நடுப்பகல் மணலில் வெறுங்காலோடு வந்திருந்தார். இரண்டு உள்ளங்காலும் வெந்து தோல் கழன்றிருந்தது. "நோகுதா ஐயா?" என்று கேட்டேன். "இல்லை, முருகன் நோவைத் தரவில்லை" என்றார். நோவை எடுத்தது நோய். அந்தக் கால் ஆற மாதக்கணக்காகும் என்பதை அவருக்குச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இரண்டாவது சீனி. நாள் முழுக்க நடக்கும்போது தசைகள் சீனியை வேகமாக எரிக்கும். கிளிக்ளசைட் போன்ற குளிசை அல்லது இன்சுலின் எடுப்பவர் சாப்பாட்டைத் தவறவிட்டால் இரத்தச் சீனி டெசிலீற்றருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கி (தாழ்சீனி நிலை) நடுக்கம், வியர்வை, தடுமாற்றம் வரும். குளிசையை முற்றாக விட்டாலோ சீனி ஏறும். அடிக்கடி சிறுநீர் போகும், அதனோடு உடலின் நீரும் போய்விடும். வழியில் அன்போடு தரும் இனிப்புப் பிளேன்ரீயும் சர்க்கரைத் தண்ணீரும் அதை இன்னும் ஏற்றும்.

மூன்றாவது வெப்பமும் சிறுநீரகமும். வியர்வையில் நீரோடு உப்பும் போகிறது. குடிக்காவிட்டால் உடல் வறளும். உப்பில்லாத வெறும் தண்ணீரையே அளவுக்கு மீறிக் குடித்தால் இரத்தத்தில் உப்புக் குறைந்து மயக்கம் வரலாம். வவுனியா, மதவாச்சிப் பக்கங்களில் காரணம் முழுதாக அறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய் இருப்பது உங்களுக்குத் தெரியும். அது ஆரம்பத்தில் எந்த நோவும் காட்டாது. அப்படியான சிறுநீரகத்தோடு வெயிலில் வறண்டு, மூட்டு நோவுக்கு டைக்ளோபினாக் போன்ற குளிசைகளையும் போட்டால், சிறுநீரகம் சில நாளிலேயே செயலிழக்கக்கூடும். யாத்திரையில் நோவுக் குளிசை கைமாறுவது வழக்கம். பனடோல் 500 மில்லிகிராம் குளிசையை ஒரு தடவைக்கு 2, ஒரு நாளைக்கு 8க்கு மேற்படாமல் எடுக்கலாம். வேறு நோவுக் குளிசை யார் தந்தாலும் வாங்கவேண்டாம்.

இனிச் செய்யவேண்டியது.

புறப்படுவதற்கு 6 கிழமைக்கு முன் கிளினிக் கொப்பியோடு அம்மாவை வவுனியா பொது வைத்தியசாலைக்கு அல்லது வழமையான கிளினிக்குக்குக் கூட்டிப்போங்கள். 3 மாதச் சராசரிச் சீனி, கிரியேற்றினின் (சிறுநீரகம் வடிகட்டும் திறனைக் காட்டும் இரத்தச் சோதனை), சிறுநீரில் புரதம், ஈ.சீ.ஜீ., கண் ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். பாத உணர்வை மெல்லிய நைலோன் இழையால் தொட்டுச் சோதிப்பார்கள். யாத்திரை போவதை மறைக்காமல் டொக்டரிடம் சொல்லி, நடக்கும் நாளில் எந்தக் குளிசை எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். வாந்தி, வயிற்றோட்டம், காய்ச்சல் வந்தால் மெற்போமின், லொசாட்டன், சிறுநீர் போக்கும் குளிசை போன்றவற்றில் எதைத் தற்காலிகமாக நிறுத்துவது என்றும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இது மிக முக்கியம்.

அந்த 6 கிழமையும் பயிற்சி. முதற் கிழமை காலையில் 3 கிலோமீற்றர் போதும். மெல்ல மெல்லக் கூட்டி, கடைசியில் அடுத்தடுத்த 2 நாள் 10 கிலோமீற்றர் நடக்கவேண்டும். வெயிலுக்கு உடல் பழக ஒன்று முதல் இரண்டு கிழமை ஆகும் (வியர்வை முன்கூட்டியே வரும், அதில் உப்புக் குறையும்). ஆகையால் கடைசி இரண்டு கிழமை வெயில் ஏறிய பிறகும் சிறிது நேரம் நடக்கலாம். யாத்திரையில் போடப்போகும் செருப்பையோ சப்பாத்தையோ போட்டுக்கொண்டே பழகவேண்டும். புதுச் செருப்போடு ஒருபோதும் புறப்படக்கூடாது. வெயிலில் கால் வீங்கும் என்பதால் விரலுக்கு முன்னே சிறிது இடம் இருக்கவேண்டும்.

வழியில், விடியலில் புறப்பட்டு 10 மணிக்குள் நிழல் சேருங்கள். வெயில் தாழ்ந்தபின் மறுபடி நடக்கலாம். தாகம் வரும்வரை காத்திராமல் 20 நிமிடத்துக்கு ஒரு தடவை ஒரு குவளை குடிக்கவேண்டும். சிறுநீர் இளமஞ்சளாக இருந்தால் நல்லது, தேயிலைச் சாயம்போல் கறுத்தால் போதவில்லை. மோர், உப்புப் போட்ட கஞ்சி இரண்டும் நமது வெயிலுக்கு ஏற்றவை. ஜீவனி என்ற உப்புச்சீனித் தூள் பைக்கற்றுகள் சில கையில் இருக்கட்டும். அது இல்லாத இடத்தில் ஒரு லீற்றர் சுத்தமான தண்ணீரில் மட்டமாக 6 தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்புக் கலக்கலாம். வயிற்றோட்டத்திலும் கடும் வறட்சியிலும் சலரோகக்காரரும் இதைக் குடிக்கவேண்டும். அந்த நேரம் சீனிக்குப் பயந்து விடக்கூடாது. நடுக்கமும் குளிர் வியர்வையும் வந்தால் உடனே உட்கார்ந்து 3 தேக்கரண்டி சீனியைக் கரைத்துக் குடித்து, 15 நிமிடத்தில் தெளிந்ததும் சோறோ பிஸ்கட்டோ சாப்பிடவேண்டும். இன்சுலின் எடுப்பவரானால் அதை ஈரத்துணி சுற்றிய சிறு மண்முட்டியில் வெயில் படாமல் கொண்டுபோகலாம்.

ஒவ்வொரு மாலையும் பாதத்தைக் கழுவி, விரலிடுக்கை உலர்த்தி, ஒரு சிறு கண்ணாடியில் உள்ளங்காலைப் பார்க்கவேண்டும். கண் மங்கலென்றால் பக்கத்துச் சாமி பார்க்கட்டும். கொப்புளத்தை உடைக்காமல் சுத்தமான துணியால் மூடுங்கள். சிவப்பு, சூடு, நாற்றம் ஏதாவது கண்டால் அன்றோடு நடையை நிறுத்தி ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

காட்டுக்குள் வேல் தாங்கும் தலைவரை முந்தி நடக்கவும் வேண்டாம், கூட்டத்தைப் பின்விட்டு ஒதுங்கவும் வேண்டாம். யானையிடமிருந்தும் கரடியிடமிருந்தும் கூட்டமே பாதுகாப்பு. இரவில் வெளியே போனால் ரோச்சும் செருப்பும் கட்டாயம். புடையன் பாம்பு மணற்பாதையில் அசையாமல் கிடக்கும்.

ஒருவர் வெயிலில் பிதற்றினால், நடை தடுமாறினால், உடல் நெருப்பாகக் கொதித்தால் அது வெப்பத்தாக்கு (உடற்சூடு 40 பாகைக்கு மேல் ஏறி மூளை குழம்பும் நிலை). நிழலில் கிடத்தி, உடுப்பைத் தளர்த்தி, உடல் முழுதும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றவேண்டாம். ஊர்ப்பகுதியில் 1990 இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். காட்டில் கைத்தொலைபேசி பல இடத்தில் எடுக்காது. அங்கே தலைவருக்கும் அருகிலுள்ள முதலுதவி நிலையத்துக்கும் உடனே ஆள் அனுப்பவேண்டும்.

அதனால்தான் அம்மாவின் நோய் தலைவருக்குத் தெரிந்திருக்கவேண்டும் என்கிறேன். நோயை மறைத்து நடப்பவருக்கு மற்றவர்கள் உதவ முடியாது. குளிசைகளின் பெயர் எழுதிய கடதாசி ஒன்று அம்மாவின் பையிலும், இன்னொன்று பக்கத்தில் நடக்கும் ஒரு சாமியிடமும் இருக்கட்டும்.

சோதனையில் பாத உணர்வு இல்லை என்றால், காலில் ஆறாத புண் இருந்தால், நடக்கும்போது நெஞ்சு இறுகினால், கிரியேற்றினின் உயர்ந்திருந்தால், இந்த ஆண்டு முழு நடை வேண்டாம். அப்போதும் நேர்த்தி வீணாகாது. பஸ்ஸில் போய், செல்லக் கதிர்காமத்திலிருந்து கதிர்காமத்து மாணிக்க கங்கைக் கரை வரை செருப்போடு ஒரு காலை நடந்து கும்பிடலாம்.

அம்மாவிடம் வாதாடாதீர்கள். நடப்பதாகத்தானே நேர்த்தி வைத்தீர்கள், கடைசி நாள் வரை நடக்கக் கால் வேண்டாமா என்று ஆறுதலாகக் கேளுங்கள். செருப்பைக் கோயில் வாசலில் கழற்றலாம், காட்டு மணலில் கழற்றவேண்டாம். குளிசையைத் திருநீறு பூசியபின் எடுக்கும் பழக்கமாக்கினால் அதுவும் விரதத்தின் ஓர் அங்கமாகிவிடும். இதை நான் சமாதானத்துக்காகச் சொல்லவில்லை. மனமார நம்பிச் சொல்கிறேன்.

உங்களுக்கும் ஒரு வேலை தருகிறேன். அந்த 6 கிழமையும் ஊர்க் குளக்கட்டில் அம்மாவோடு நீங்களும் நடவுங்கள். நடந்து வந்ததும் அம்மாவின் பாதத்தைக் கழுவிப் பார்ப்பது உங்கள் கையாக இருக்கட்டும். கொப்புளம் எங்கே வருகிறது, எத்தனையாவது கிலோமீற்றரில் களைக்கிறா என்பதெல்லாம் உங்களுக்கே தெரியவரும். அதற்குப் பிறகு அம்மா நடப்பதா, பஸ்ஸில் போவதா என்பதை உங்கள் பயமும் தம்பியின் சத்தமும் அல்ல, அம்மாவின் கால் சொல்லட்டும். சோதனை முடிவுகள் கிடைத்ததும் எனக்கு மறுபடி எழுதுங்கள்.