எலும்பைப் பிடுங்காதீங்க, முதல்ல மண்ணைப் பாருங்க

வீட்டுக்கு வானம் தோண்டும்போதோ கிணறு வெட்டும்போதோ பானை ஓடும் எலும்புத் துண்டும் கிடைப்பது நம்ம ஊர்ப்பக்கம் புதுசு இல்லை. உடனே என்ன செய்கிறோம்? கையால் பிடுங்கி, தண்ணீரில் கழுவி, திண்ணையில் வைத்துப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடுகிறோம். படம் பளிச்சென்று இருக்கும். ஆனால் அந்த எலும்பு சொல்ல வந்த சேதியில் பெரும்பகுதி அந்த நிமிடமே போய்விடுகிறது.

சிவகங்கை மாவட்டம் கீழடியை எடுத்துக்கொள்ளுங்கள். 2018-இல் நான்காம் கட்டத்தில் இருந்து அங்கே அகழாய்வு நடத்துவது தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை. 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த ஒரு மாதிரிக்கு அமெரிக்க ஆய்வகம் கி.மு. 580 என்று காலம் சொன்னது நம் எல்லோருக்கும் தெரியும். அந்த 353 என்ற எண்ணைக் கொஞ்சம் கவனியுங்கள். ஆய்வகம் சொல்வது மாதிரியின் வயதை மட்டும்தான். அது எந்த மண் அடுக்கில் இருந்தது, அருகில் என்னென்ன கிடந்தது என்பதெல்லாம் குழியில் நின்றவர் அன்றைக்கே எழுதிய குறிப்பில்தான் இருக்கிறது. குறிப்பு இல்லையென்றால் அந்தக் காலத்தை ஊரோடு சேர்த்துப் பேச முடியாது.

மண் அடுக்கு என்றால் என்ன? அடியில் இருப்பது முந்தியது, மேலே இருப்பது பிந்தியது. இவ்வளவுதான் அடிப்படை. சாம்பல் கலந்த மண், வெள்ளம் கொண்டுவந்த வண்டல், மிதிபட்டு இறுகிய தரை என ஒவ்வொன்றுக்கும் நிறமும் பதமும் வேறு. குழியின் சுவரைச் செங்குத்தாகச் செதுக்கி, லேசாகத் தண்ணீர் தெளித்தால் கோடுகள் எழும்பி வரும். அவற்றை அளந்து வரைபடமாக வரைவார்கள். ஆழத்தைத் தரையில் இருந்து அளக்க மாட்டார்கள், தரை மேடு பள்ளமாக இருக்கும் இல்லையா? ஒரு நிலையான புள்ளியில் இருந்து நூல் கட்டி, ரசமட்டம் பார்த்து அளப்பார்கள்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. உங்கள் தாத்தா காலத்தில் யாரோ இரண்டு மீட்டர் ஆழத்துக்குக் குப்பைக்குழி வெட்டி, செத்த ஆட்டைப் புதைத்திருக்கலாம். இன்றைக்குத் தோண்டினால் அந்த ஆட்டு எலும்பு பழைய அடுக்கின் ஆழத்திலேயே கிடக்கும்! வெறும் டேப் அளவை நம்பினால் தாத்தா காலத்து ஆடு சங்ககாலத்து ஆடாகிவிடும். குழியின் விளிம்பில் மண் நிறம் மாறுவதைப் பார்த்தவருக்குத்தான் உண்மை தெரியும். அதனால்தான் ஆழத்தையும் அடுக்கையும் தனித்தனியாக எழுதச் சொல்கிறார்கள்.

இனி எலும்புக்கு வருவோம். ஈர மண்ணில் கிடக்கும் எலும்பு பிஸ்கட் மாதிரி நொறுங்கும். சுற்றி மண்ணை மூங்கில் குச்சியாலும் தூரிகையாலும் ஒதுக்கி, கிடந்த கிடையிலேயே படம் எடுத்து, அப்புறம்தான் தூக்குவார்கள். வெயிலில் காயவைத்தால் வெடிக்கும், நிழல்தான் சரி. இடத்தின் பெயர், குழி எண், அடுக்கு, ஆழம், தேதி எழுதிய சீட்டு ஒவ்வொரு பைக்குள்ளும் போகும். சீட்டு இல்லாத பை வெறும் எலும்புப் பைதான். தோண்டிய மண்ணையும் சலிப்பார்கள். கோழி, மீன் எலும்பெல்லாம் சல்லடையில்தான் அகப்படும்.

கீழடியில் இருந்து 70 எலும்பு மாதிரிகள் புனே டெக்கான் கல்லூரிக்குப் போயின. மாடு, எருமை, செம்மறி, வெள்ளாடு, நீல்காய், வெளிமான், காட்டுப்பன்றி, மயில் என்று அடையாளம் கண்டார்கள். கால்நடை வளர்த்திருக்கிறார்கள், சுற்றிலும் காட்டு விலங்கும் இருந்திருக்கிறது. எலும்பில் வெட்டுத்தழும்பு இருக்கிறதா, நெருப்பில் கருகியதா, நாய் கடித்ததா என்று பார்த்தால் ஒரு வீட்டுச் சமையலே தெரியவரும். பல் தேய்மானத்தில் விலங்கின் வயதும் தெரியும். ஆடுமாடுகள் வயதாகிச் செத்திருந்தால் உழவுக்கும் பாலுக்கும் வைத்திருந்தார்கள் எனலாம். இளசிலேயே என்றால் கறிக்கு. இப்படிச் சொல்ல ஒரே அடுக்கின் எலும்புகள் ஒன்றாக இருக்க வேண்டும். கலந்துபோனால் கணக்கு தப்பிவிடும்.

உங்கள் மனையில் இப்படி ஏதாவது தட்டுப்பட்டால் அந்த இடத்தில் வேலையை நிறுத்துங்கள். போனில் லொக்கேஷனை ஆன் பண்ணிவிட்டு, முதலில் குழி முழுவதும் தெரிய ஒரு படம், அடுத்து சுவரின் மண் கோடுகள் தெரிய ஒன்று, கடைசியாகப் பொருளின் பக்கத்தில் ஸ்கேலோ பேனாவோ வைத்து ஒன்று எடுங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படத்தின் அளவு குறைந்து, இடவிவரமும் போய்விடும். அதனால் மூலப்படத்தை அழிக்காதீர்கள். மனித எலும்பு போலத் தெரிந்தால் முதல் போன் காவல் நிலையத்துக்கு. காசு, மணி, பானை போன்றவை கிடைத்தால் கிராம நிர்வாக அலுவலரிடமோ வட்டாட்சியரிடமோ சொல்லுங்கள். 1878-ஆம் ஆண்டு புதையல் சட்டப்படி மண்ணுக்குள் கிடைக்கும் பொருள் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளது என்றால், மாவட்ட ஆட்சியருக்கு எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும். அந்தக் கடிதத்தோடு மூன்று படங்களையும் இணைத்து, எத்தனை அடி ஆழத்தில் எப்படிப்பட்ட மண்ணில் கிடைத்தது என்று இரண்டு வரி எழுதிக்கொடுங்கள். பார்க்க வரும் தொல்லியல் அலுவலர் முதலில் கேட்கப்போவதும் அதைத்தான்.