புதுக்கோட்டை வெயிலுக்கும் போர் தண்ணீருக்கும் எந்த மாய்ஸ்சரைசர்?

விராலிமலை, அன்னவாசல் பக்கம் வறண்ட காற்று. மணமேல்குடி, கோட்டைப்பட்டினம் பக்கம் கடலோரப் புழுக்கம். மாவட்டம் ஒன்றுதான், ஆனால் ஒரே கிரீம் இரண்டு பக்கத்துக்கும் ஒத்துவராது. விளம்பரத்தைத் தள்ளிவைத்துவிட்டு, உங்கள் தோலைப் பார்த்து வாங்கச் சில குறிப்புகள்:

1. குளித்துத் துடைத்தபின் எதுவும் தடவாமல் அரை மணி நேரம் விடுங்கள். கெண்டைக்காலில் நகத்தால் லேசாகக் கீறினால் வெள்ளைக் கோடு விழுகிறதா? வறண்ட சருமம். முதுகும் மார்பும் பிசுபிசுக்கிறதா? எண்ணெய்ப் பசைச் சருமம். இரண்டும் இருந்தால் கலப்பு வகை. சோப்பு மாற்றினாலே எரிந்து சிவந்தால் சென்சிட்டிவ்.

2. வறண்ட சருமத்துக்கு நீர்த்த லோஷன் போதாது. கெட்டியான கிரீம் வேண்டும். லேபிளில் கிளிசரின், பெட்ரோலியம் ஜெல்லி இரண்டும் இருக்கிறதா என்று பாருங்கள். கிளிசரின் ஈரத்தை இழுத்துப் பிடிக்கும்; ஜெல்லி அது ஆவியாகாமல் மூடிவைக்கும்.

3. எண்ணெய்ப் பசை உள்ளவர்களுக்கு ஜெல் அல்லது மெல்லிய லோஷன் நல்லது. ‘நான்-காமெடோஜெனிக்’ (தோல் துவாரத்தை அடைக்காதது) என்று போட்டிருப்பதை எடுங்கள். முதுகில் பரு வந்தால் அங்கே தேங்காய் எண்ணெய் வேண்டாம். சொந்தத் தோப்புக் காயில் ஆட்டிய எண்ணெயாக இருந்தாலும் துவாரத்தை அடைக்கத்தான் செய்யும்.

4. கலப்புச் சருமமானால் கை கால்களுக்குக் கிரீம், முதுகுக்கு ஜெல் என்று பிரித்துத் தடவுங்கள். அதேபோல மார்கழி, தையில் கெட்டியானது. சித்திரை, வைகாசியில் லேசானது.

5. சென்சிட்டிவ் சருமத்துக்கு வாசனை சேர்க்காததே பாதுகாப்பு. ‘மூலிகை’ என்று எழுதியிருப்பதாலேயே அரிக்காது என்று நம்ப வேண்டாம். முழங்கையின் உட்பக்கத்தில் தினம் இருவேளை, ஒரு வாரம் தடவிப் பார்த்துவிட்டு உடம்புக்குப் போடுங்கள்.

6. உப்பேறிய போர் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. நுரைக்கவில்லையே என்று இன்னும் தேய்த்தால், சோப்பும் உப்பும் சேர்ந்த படிவு தோலில் ஒட்டி அரிப்பைக் கூட்டும். அக்குள், தொடையிடுக்கு, பாதம் தவிர மற்ற இடங்களில் சோப்பைக் குறையுங்கள். துண்டால் தேய்க்காமல் ஒற்றியெடுத்து, ஈரம் காயுமுன் மூன்று நிமிடத்துக்குள் தடவுங்கள்.

7. பித்தவெடிப்புக்கு 10 சதவீத யூரியா கிரீம் உதவும். இரவில் பத்து நிமிடம் பாதத்தை வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்துத் துடைத்து, கிரீம் தடவி காலுறை போடுங்கள். ரத்தம் கசிந்தால் யூரியா எரியும். அப்போது வெறும் ஜெல்லி போதும். சர்க்கரை நோயாளிகள் விரலிடுக்கில் தடவக் கூடாது. வெடிப்பு ஆழமாக இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.

8. ஆதனக்கோட்டை போல முந்திரி வறுத்து உடைக்கும் இடங்களில், ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் தோலைப் பொசுக்கும். அதற்குக் கையுறைதான் காப்பு; கிரீம் இல்லை. வேலை முடிந்து கையைச் சோப்பால் கழுவியபின் கெட்டிக் கிரீம் போடுங்கள். ஆனால் கிரீமில் உள்ள பாரஃபின், ஜெல்லி ஊறிய துணியில் தீ சட்டென்று பிடிக்கும். அப்படி ஊறிய சேலையோடு அடுப்பருகே உட்காராதீர்கள்.

9. ‘சிவப்பழகு’ என்று சீட்டில்லாமல் கிடைக்கும் சில கிரீம்களில் ஸ்டீராய்டு இருக்கும். தொடர்ந்து போட்டால் தோல் மெலிந்து வரி விழும். அது மாய்ஸ்சரைசர் அல்ல, மருந்து. டாக்டர் சீட்டில்லாமல் தொடாதீர்கள்.

10. பெரியவர் ஒருவர் உடம்பு முழுக்க ஒருமுறை தடவச் சுமார் 30 கிராம் வேண்டும். தினம் ஒருமுறை தடவினால் 100 கிராம் டப்பா மூன்று நாளில் காலி. எனவே விலையைக் கிராமால் வகுத்துப் பார்த்து வாங்குங்கள். விலை உயர்ந்ததைச் சிக்கனமாகத் தொட்டு வைப்பதைவிட, வாசனையில்லாத சாதாரணக் கிரீமைத் தாராளமாகத் தடவுவதே பலன் தரும்.