சிறையில் கழியும் நாள்களும் வாழ்நாள்களே

தோட்டத்துப் பிள்ளை ஒருவன் குற்றம் புரிந்து சிறை சென்றால், "அவன் வாழ்வு அத்துடன் முடிந்தது" என்று லயத்தில் பேசுவோர் உண்டு. அப்பேச்சு சரியன்று. சிறைவாசம் தண்டனையே ஆயினும், திருந்துவதற்குரிய காலமுமாகும்.

நம் நாட்டுச் சிறைகள் 1995ஆம் ஆண்டுச் சிறைச்சாலைச் சட்டத்தின்படி இயங்குகின்றன. நன்னடத்தையையும் உழைப்பையும் ஊக்குவிக்கும் பொருட்டு, தண்டனைக் காலத்தில் பொதுவாக மூன்றில் ஒரு பங்கு கழிக்கப்படுகிறது. 3 ஆண்டுத் தண்டனை பெற்றவர் ஒழுங்கு தவறாது நடந்தால் 2 ஆண்டுகளில் வீடு திரும்பலாம். விதிகளை மீறினால் அக்கழிவை இழக்க நேரிடும்.

2008ஆம் ஆண்டில் பரோல் முறையும் வந்தது. தகுதி பெற்றோர் தண்டனையில் பாதியைக் கழித்த பின், பரோல் அதிகாரியின் கண்காணிப்பில் வெளியே தங்கி வேலை செய்ய இது வழி வகுக்கிறது. சில குற்றங்களுக்கு இவ்வாய்ப்பு இல்லை.

சிறைக்குள் தச்சு, தையல், ரொட்டி சுடுதல் போன்ற தொழில்கள் கற்பிக்கப்படுகின்றன. பள்ளிப்படிப்பைப் பாதியில் விட்டு, உள்ளிருந்தே எஸ்.பி.எம். தேர்வு எழுதித் தேறியோரும் உளர். ஆகவே, முதல் நாள் தொட்டே ஒரு தொழிலையோ படிப்பையோ பற்றிக்கொள்பவனுக்கு, விடுதலை நாளன்று கையில் ஒரு பிழைப்பு இருக்கும்.

கத்தி ஆழப் பட்டுக் காயமுற்ற பால்மரத்தை நாம் உடனே வெட்டிச் சாய்ப்பதில்லை. காயம் பட்ட இடத்தில் முடிச்சு நிற்கும். ஆயினும் எஞ்சிய பட்டையைக் காத்தால் மரம் பால் தரும். மனிதனும் அத்தகையவனே. செய்த குற்றம் மறைந்துவிடாது. அதனால் துன்புற்றவரை அவன் மறக்கவும் கூடாது. எனினும், எஞ்சிய வாழ்வைக் காத்துக்கொள்ள இயலும்.

இதில் நமக்கும் பங்குண்டு. பரோலில் வருபவன் எங்கே தங்குவான், யார் ஆதரிப்பர், என்ன வேலை செய்வான் என்பன முன்கூட்டியே ஆராயப்படும். வீட்டார் கதவடைத்துவிட்டால், அவன் உள்ளே எவ்வளவு முயன்றாலும் வெளியேறும் வழி குறுகிவிடும். ஆதலால், சந்திக்க அனுமதிக்கப்படும் நாள்களில் சென்று காணுங்கள். இயலாதபோது கடிதம் எழுதுங்கள். எழுதத் தெரியாத தாய்க்கு அண்டை வீட்டுப் பிள்ளை எழுதித் தரட்டும்.

அவன் திரும்பி வந்து பெரட்டுக்களத்தில் நிற்கும் காலையில், பழைய குற்றத்தைச் சொல்லி எவரும் நகையாடலாகாது. நீதிமன்றம் விதித்த தண்டனையை அவன் அனுபவித்துவிட்டான். அதற்கு மேலும் தண்டிக்க நமக்கு உரிமையில்லை.