இக்கெபானா கற்கக் குழுவாகக் கிளம்புகிறீர்களா?

ஜப்பானியப் பூ அலங்காரக் கலையான இக்கெபானாவைக் கற்றுக்கொள்ளத் தனியாகவும் ஜப்பான் போகலாம். ஆனால் குழுவாகப் போகிறவருக்கு ஒரு லாபம் உண்டு. எல்லோருக்கும் ஒரே கிளை, ஒரே பூ, ஒரே தட்டு கொடுப்பார்கள். ஆளுக்கொரு விதமாக வைப்போம். ஆசிரியர் ஒவ்வொன்றையும் திருத்தும்போது, நம் கண்ணுக்குத் தப்பியது அடுத்தவர் தட்டில் பளிச்சென்று தெரியும். சென்னையில் சேர்ந்து பூ வைத்துப் பழகிய தோழிகளோடு டோக்கியோவுக்கும் கியோட்டோவுக்கும் போய்வந்ததில் எனக்குக் கிடைத்த பெரிய பாடம் இதுதான். பயணத்தையே இதைச் சுற்றித் திட்டமிடுங்கள்.

முதலில் பள்ளியை முடிவு செய்யுங்கள்

மூன்று பெரிய பள்ளிகள் உண்டு. கியோட்டோவின் ரொக்காகுடோ கோயிலை ஒட்டி வளர்ந்த இக்கெனோபோதான் மிகப் பழையது. அந்தக் கோயில் துறவி ஒருவர் பூ வைத்த செய்தி 1462-ஆம் ஆண்டுக் குறிப்பொன்றில் இருக்கிறது. ஒஹாரா பள்ளி 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்தது. அப்போது மேல்நாட்டுப் பூக்கள் ஜப்பானுக்குள் வர, அகலத் தட்டில் வைக்கும் மோரிபானா முறையை அது கொண்டுவந்தது. சோகெட்சுவை 1927-இல் சோஃபு தெஷிகஹாரா தொடங்கினார். இங்கே சுதந்திரம் அதிகம். ஒவ்வொரு பள்ளிக்கும் விதிகள் வேறு, கலைச்சொற்கள் வேறு. ஆகவே வகுப்புக்கு ஒரு பள்ளி, மற்றவை பார்வைக்கு மட்டும் என்று வைத்துக்கொண்டால் குழப்பம் வராது.

பள்ளிக்கு முன்கூட்டியே எழுதி மூன்று விஷயம் கேளுங்கள்: ஆங்கில வகுப்பு உண்டா, பூவுக்குத் தனிக் கட்டணமா, உட்காருவது மேசையிலா தரையிலா? முழங்கால் வலி உள்ளவர்களுக்கு மூன்றாவது கேள்விதான் முக்கியம். ஆள் அதிகமென்றால் இரண்டு வகுப்பாகப் பிரியுங்கள். கூட்டம் கூடினால் திருத்தத்துக்கு நேரம் இருக்காது.

கணக்கை ஊரிலேயே பழகுங்கள்

எடுத்துக்காட்டாக, சோகெட்சுவின் அடிப்படை அமைப்பில் மூன்று முக்கியத் தண்டுகள்: ஷின், சோயே, ஹிகாயே. பாத்திரத்தின் அகலத்தையும் ஆழத்தையும் கூட்டி ஒன்றரை மடங்கு எடுத்தால் ஷின். அதில் முக்கால் சோயே, சோயேயில் முக்கால் ஹிகாயே. 30 செ.மீ. அகலமும் 6 செ.மீ. ஆழமும் உள்ள தட்டுக்கு ஏறக்குறைய 54, 40, 30 செ.மீ. என்று வரும். நிமிர்ந்த அமைப்பில் செங்குத்திலிருந்து முறையே 15, 45, 75 பாகை சாய்வு. தண்டைத் தண்ணீருக்குள் வைத்தே வெட்டுவது, முள்தட்டான கென்சானில் கிளையை நிறுத்துவது இரண்டும் கைக்கு வந்திருக்கட்டும். அங்கே போய் ஸ்கேலோடு மல்லுக்கட்டினால் வகுப்பு நேரம் அதிலேயே போய்விடும்.

திருத்தும்போது கூட நில்லுங்கள்

ஆசிரியர் உங்கள் இடத்துக்கு வந்து, உங்கள் கண் மட்டத்திலிருந்து பார்ப்பார். அதிகம் பேசமாட்டார். ஓர் இலையைக் கிள்ளுவார், கிளையைச் சற்றே திருப்புவார், நாம் ஆசையாகச் செருகிய மூன்றாவது பூவை எடுத்துவிடுவார். கூட்டுவதைவிடக் குறைப்பதுதான் அதிகம். அந்த நேரத்தில் சொந்தத் தட்டை விட்டு எழுந்து போய்ப் பாருங்கள். அனுமதி கேட்டு, திருத்தத்துக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு படம் எடுங்கள். முடிந்ததும் அமைப்பைக் கலைத்து, பூவைத் தாளில் சுற்றிக் கொடுப்பார்கள். அன்றிரவே விடுதி அறையில் மறுபடி வைத்துப் பார்க்கலாம்.

சாமானும் சுற்றலும்

கத்தரிக்கோலையும் கென்சானையும் கைப்பையில் வைக்காதீர்கள். பெரிய பெட்டியில் போகட்டும். கென்சான் ஈயம் என்பதால் கனக்கும். வாங்குமுன் எடை வரம்பைப் பாருங்கள். தாவரச் சுகாதாரச் சான்றிதழ் இல்லாமல் பூவையோ கிளையையோ எந்தப் பக்கமும் கொண்டுபோக முடியாது. ஊர் மாறும்போது பெட்டிகளை டக்யூபின் கூரியர் சேவையில் முன்கூட்டி அனுப்பிவிட்டால் ரயிலில் வெறுங்கையோடு ஏறலாம்.

டோக்கியோவில் கென்சோ தாங்கே வடிவமைத்த சோகெட்சு கட்டடத்தையும், அதனுள் இசாமு நொகுச்சி அமைத்த கல் தோட்டத்தையும் விட்டுவிடாதீர்கள். கியோட்டோவில் நவம்பரில் இக்கெனோபோவின் பெரிய கண்காட்சி நடக்கும். இலை சிவக்கும் காலமும் அதுவே. அறைகளை முன்னதாகப் பதிவு செய்யாவிட்டால் திண்டாட்டம்தான்.

திரும்பியபின் ஒரு வாரத்துக்குள் எல்லோரும் ஒரு வீட்டில் கூடுங்கள். போகன்வில்லா கிளை, கல்வாழை இலை, சம்பங்கித் தண்டு போதும். ஜப்பானில் வைத்த அதே அமைப்பை வைத்து, ஒருவர் தட்டை இன்னொருவர் திருத்துங்கள். எதையும் சேர்க்கக் கூடாது, எடுக்க மட்டுமே அனுமதி என்று வைத்துக்கொண்டால், கற்றது கையில் தங்கியிருக்கிறதா என்று அப்போதே தெரிந்துவிடும்.