தொலைவிலிருந்து துக்கங் காத்தல்

பிலிப்பைன் நாட்டார் பிறதேசஞ் சென்று உழைத்தல், 1974-ஆம் ஆண்டின் தொழிற் சட்டத்தால் அரசாங்க முறையாயிற்று. அதன்பின் இளமையிற் புறப்பட்ட மாதர் பலர் இன்று அயல்நாட்டிலேயே நரை மூத்து வாழ்கின்றனர். பிறர் வீட்டு முதியோரைப் பேணும் அவர்தங் கரங்களுக்குத் தம் தாயின் இறுதி வேளையில் நீர் வார்க்கும் பேறு பெரும்பாலும் வாய்ப்பதில்லை. விடுமுறையும் வழிச்செலவும் இடந்தரா. 2020-ஆம் ஆண்டுப் பெருந்தொற்றிலோ வழிகளே அடைபட்டன.

மரித்தோர்க்காக அந்நாட்டுக் கத்தோலிக்கர் ஒன்பது நாள் செய்யும் ஜெபம் 'பாசியாம்' எனப்படும். மணிலாவில் இரவு ஏழு மணியாகுங்கால் கலிபோர்னியாவில் வைகறை. அவ்வேளையில் விழித்தெழுந்து, கைத்தொலைபேசி வாயிலாக உற்றாரோடு ஜெபமாலை சொல்லி, கண்ணீர் துடைத்து வேலைக்கேகுவாள் மகள். அடக்கச் செலவையும் அவளே அனுப்புவாள்.

மாணவர்காள்! பிறர் தாயைப் பேணி முதுமையெய்திய அவளைப் பேணுவார் யாவர்? அவள் உழைப்பால் பயனெய்திய நாடுகளுக்கும் அக்கடன் உண்டன்றோ?