பட்டன் வரையும் தம்பிக்கு

அன்புத் தம்பிக்கு,

நீ அனுப்பிய படம் கிடைத்தது. கையடக்க கேமிங் கணினிக்கு வெளிக்கூடு நன்றாகவே வந்திருக்கிறது. ஆனால் வலப்பக்கத்து நான்கு பட்டன்களில் ஏ, பி, எக்ஸ், ஒய்யை எடுத்துவிட்டு நீயே நாலு புதுக் குறிகள் போட்டிருக்கிறாய். யார் மாதிரியும் இருக்கக் கூடாதாம். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் எல்லார் மாதிரியும் இரு.

கன்ட்ரோலரில் ஆடும் கணினி விளையாட்டுகளில் பெரும்பாலானவை எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலரை மனதில் வைத்து எழுதப்பட்டவை. கதவருகே போனால் திரையில் எக்ஸ் என்று காட்டும். ஆடுபவர் குனிந்து பார்த்தால் உன் கருவியில் பிறை மாதிரி ஏதோ இருக்கிறது. உன் பிறைக்காக எந்த விளையாட்டும் தன் திரையை மாற்றிக்கொள்ளாது. இன்னொன்று, உன் குறிகளை வாயால் சொல்லிப் பார். பிளேஸ்டேஷனும் 1994இல் எழுத்தில்லாமல்தான் வந்தது; ஆனால் வட்டம், முக்கோணம், சதுரம், பெருக்கல் என்று ஒரு குழந்தைகூட போனில் நண்பனுக்குச் சொல்லிவிடும். உன்னுடையதை எப்படிச் சொல்வது?

எழுத்தைத் திரும்பக் கொண்டுவந்தால் அடுத்த சிக்கல் இடம். 1990இல் நிண்டெண்டோவின் சூப்பர் ஃபேமிகாமில் ஏ வலப்பக்கம், பி கீழே, எக்ஸ் மேலே, ஒய் இடப்பக்கம். 2001இல் வந்த எக்ஸ்பாக்ஸில் ஏ கீழே, பி வலப்பக்கம், எக்ஸ் இடப்பக்கம், ஒய் மேலே. நிண்டெண்டோவின் ஸ்விட்ச் இன்றும் அந்தப் பழைய வழியில் போகிறது. உன்னுடையதைப் போன்ற கையடக்கக் கணினிகளான ஸ்டீம் டெக்கும் ஆர்ஓஜி அல்லையும் எக்ஸ்பாக்ஸ் வழியில். ஸ்விட்சில் 'சரி' சொல்லிப் பழகிய கட்டைவிரல் டெக்கில் தானாக வலப்பக்கம் போகும்; அங்கே இருப்பது 'ரத்து', மெனு மூடிக்கொள்ளும். எழுத்தைப் படிக்கத் தெரியாமல் அல்ல. பழகிய விரல் எழுத்தைப் பார்ப்பதே இல்லை.

ஜப்பானில் பிளேஸ்டேஷன்காரர்களுக்கு முன்பு வட்டம்தான் 'சரி', பெருக்கல் 'ரத்து'. மேற்கு நாடுகளில் அது தலைகீழ். 2020இல் பிளேஸ்டேஷன் 5 வந்தபோது சோனி உலகம் முழுவதற்கும் பெருக்கலே 'சரி' என்று முடிவெடுத்தது. கால் நூற்றாண்டுப் பழக்கத்தை ஜப்பானியர்கள் மாற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று. சோனிக்கு அந்தத் துணிவு உண்டு. உனக்கு வேண்டாம்.

நிரல் எழுதுகிறவர்கள் இதற்கு நல்ல வழி கண்டிருக்கிறார்கள். விளையாட்டுகளில் பரவலாகப் பயன்படும் எஸ்டிஎல் தொகுப்பின் மூன்றாம் பதிப்பில் பட்டனுக்கு ஏ, பி என்ற பெயரே கிடையாது. தெற்கு, கிழக்கு, மேற்கு, வடக்கு என்று திசைதான். பட்டன் மேல் என்ன அச்சாகியிருக்கிறது என்பதைத் தனியாகக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். நீயும் இரண்டையும் தனித்தனித் தாளில் வரை. இடம் விரலுக்கு, பெயர் திரைக்கும் வாய்க்கும்.

வண்ணத்தை நம்பி எதையும் விடாதே. சூப்பர் ஃபேமிகாமில் ஏ சிவப்பு, எக்ஸ்பாக்ஸில் ஏ பச்சை. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாத ஆண்கள் ஏராளம். விரல் தொட்டு அறியும்படி செய். சூப்பர் ஃபேமிகாமின் அமெரிக்க வடிவமான சூப்பர் நிண்டெண்டோவில் ஏ, பி இரண்டும் மேடு, எக்ஸ், ஒய் இரண்டும் குழி. தடவினாலே தெரியும். கீபோர்டில் எஃப், ஜே மேல் இருக்கும் சிறு கோட்டின் வேலையும் அதுதான். உன் படத்தில் நான்கும் ஒரே வழவழப்பு.

பின்பக்க பட்டன்களுக்கு எம்1, எம்2 என்று பெயர் வைத்திருக்கிறாய். அல்லையிலும் அப்படித்தான், ஆனால் பெயரை வைத்து எது இடம் எது வலம் என்று சொல்ல முடியாது. கண் போகாத இடம் அது. செட்டிங்ஸ் திரையில்தான் அந்தப் பெயர் பயன்படும். டெக்கில் எல்4, எல்5 இடது கைக்கு, ஆர்4, ஆர்5 வலது கைக்கு. இதைத் தயங்காமல் எடுத்துக்கொள்.

டெக்கில் எனக்குப் பிடிக்காததும் உண்டு. இரண்டு ஸ்டிக்குகளுக்கும் கீழே டிராக்பேட் வைத்ததால் ஏ, பி, எக்ஸ், ஒய் ஸ்டிக்குக்குப் பக்கத்தில், கூட்டின் வெளி ஓரத்துக்கே போய்விட்டன. கட்டைவிரலை மடக்கித்தான் பி-யை அழுத்த வேண்டும். ஆனாலும் மவுசுக்காக எழுதிய விளையாட்டுகளை ஆட வைப்பது அந்த டிராக்பேட்தான். அந்த விலை தகும். நீயோ டிராக்பேடும் வைக்காமல் பட்டன்களையும் ஓரத்துக்குத் தள்ளியிருக்கிறாய். அழகுக்காக என்றால், அது காணாது.

அடுத்த முறை படம் அனுப்பாதே, மாதிரி செய்து அனுப்பு. உள்ளே எடையும் வை. முதல் டெக்கின் எடை 669 கிராம். சின்னக் கைக்காரர் ஒருவரிடமும் பெரிய கைக்காரர் ஒருவரிடமும் கொடுத்து, அரை மணி நேரம் கீழே வைக்காமல் பிடித்திருக்கச் சொல். எந்த விரல் வலித்தது என்று எழுது.

அன்புடன்,
அண்ணன்